ஃபுல்ஸ்கேப் பாய்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் வந்து அப்துல் கபார் கடை எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஃபுல்ஸ்கேப் பாய் கடை என்று கேளுங்கள். பழக்கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டுவார். அந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பாய்க்கு ஒருகாலத்தில் அதில் பெருமைகூட இருந்தது. முப்பத்து நாலு வருஷமாக இல்லை. யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர் திரும்பிப் பார்ப்பதற்குள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

எழுபத்திரண்டு வயதாகிறது. பத்துக்குப் பன்னிரண்டு கடை. இன்றைக்கு அதில் ஓடுவதெல்லாம் ஏ-ஃபோர் கட்டு, பள்ளிக்கூட நோட்டு, மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு ஜெராக்ஸ் மிஷின், அவ்வளவுதான். ஆனால் வாய் மட்டும் பழைய வாய். "பேப்பர் குடுங்க பாய்" என்று யாராவது வந்து நின்றுவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"என்ன பேப்பர்?"

"வெள்ளப் பேப்பர்தான் பாய்."

"துணிக்கடைக்குப் போயி வெள்ளத் துணி குடுங்கன்னு கேப்பியா? வேட்டியா துண்டா பனியனான்னு சொல்ல மாட்ட?"

நாலு தாள் வாங்க வந்தவன் பாவம், மலங்க மலங்க விழிப்பான். பாய்க்கு மூக்கின்மேல் கோபம் என்று கடைத்தெருவே சொல்லும். உள்ளே ஒன்றும் கிடையாது. வீட்டுக்கார அம்மா சாஜிதா ஓர் அதட்டுப் போட்டால் அடங்கிவிடுகிற ஆள்தான்.

அவர் காலத்துப் பேப்பருக்கு அத்தனை பேர் இருந்தது, அவர் என்ன செய்வார். வெள்ளைக்காரன் போகும்போது நாற்காலியோடு சொற்களையும் ஆபீசிலேயே விட்டுவிட்டுப் போனான். நீளமான தாள் ஃபுல்ஸ்கேப். கோர்ட்டுக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் போகிற கொஞ்சம் தடித்த தாள் டெம்மி. கார்பன் வைத்து அடித்து ஆபீசில் ஒரு காப்பி வைத்துக்கொள்ள, ஊதினால் பறக்கிற டிஷ்யூ. இருபத்து நாலு தாள் சேர்ந்தால் ஒரு கொயர், இருபது கொயர் ஒரு ரீம். சரி, பேப்பரோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இடது பாதியை அதிகாரி குறிப்பு எழுதுவதற்காக வெறுமையாக விட்டுவிட்டு, வலது பாதியில் மட்டும் மனுவை எழுத வேண்டும். அதற்குப் பேர் ஹாஃப் மார்ஜின். எழுதி முடித்துத் திரும்ப மடித்தால் மேலே ஒரு முதுகு தெரியும் இல்லையா, அதில் யார், யாருக்கு, என்ன விஷயம் என்று மூன்றே வரியில் எழுத வேண்டும். அது டாக்கெட். உள்ளே பிரித்துப் படிக்காமலே அதிகாரிக்கு விஷயம் தெரிந்துவிடும்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று கேட்டால் நெல்லிக்குப்பத்துக்குப் போக வேண்டும். பாயைப் பெற்ற அத்தா அங்கே சந்தை சந்தையாக ஊதுவத்தி விற்றவர். வீட்டு மனை கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு ஏதோ ஓர் ஆபீசுக்குப் போனார். மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிற தாளில் எழுதியிருந்தார். அவருக்குத் தெரிந்த தாள் அது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதுல வெல்லம் மடிச்சுக் கொண்டாய்யா, சாப்புடலாம்" என்று சொல்லி மேசைக்கு இந்தப் பக்கம் போட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தாவும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே குனிந்து தாளைப் பொறுக்கினார். பக்கத்தில் நின்ற கபாருக்கு அப்போது பதின்மூன்று வயது. அத்தா சிரித்ததைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

பதினேழு வயதில் சென்னைக்குப் போய்ப் பாரிமுனையில் ஒரு பேப்பர் மண்டியில் சேர்ந்தார். பத்து வருஷம் ரீம் தூக்கினார். எந்த ஆபீசுக்கு எந்தத் தாள், எந்த மனுவுக்கு எந்த மடிப்பு என்று அங்கேதான் கற்றார். ஃபுல்ஸ்கேப் என்றால் என்ன என்று ஒருநாள் முதலாளியிடம் கேட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தக் காலத்துத் தாளில் ஒரு கோமாளியின் குல்லா தெரியுமாம், மில்காரன் போட்ட முத்திரையாம், இங்கிலீஷில் ஃபூல்ஸ் கேப், அதனால் அந்தப் பேராம். கபார் அதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார். எண்பத்தொன்றில் மந்தாரக்குப்பத்தில் கடை போட்டபோது அவருக்கு ஒரே ஒரு வைராக்கியம் இருந்தது. தன் கடைப் படியேறி வருகிற எந்த ஏழையின் மனுவையும் எவனும் இரண்டு விரலால் தூக்கக் கூடாது.

நல்ல எண்ணம்தான். யார் இல்லை என்றது.

தொண்ணூறாம் வருஷம் ஜூன் மாதம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் ஓர் ஆளுக்கு வேலை என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் ஒரு புதன்கிழமை, மாலை ஐந்து மணி. அன்றைக்கு மத்தியானம் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். விருத்தாம்பாள் என்று பேர். புருஷன் ராஜேந்திரன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஒருநாள் வரவில்லையென்றால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்பதால் விண்ணப்பத்தை எழுதி மனைவி கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். நிலச் சான்று கைக்கு வந்ததே முந்தின நாள் சாயந்தரம்தான்.

அவள் கேட்டது ஒரே ஒரு கவர். அதைக் கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எதுக்கும்மா கவரு?"

"வேலைக்கு எழுதிப் போடறோம் பாய். நெலம் குடுத்தவங்களுக்கு."

"எங்க, காட்டு."

அவள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொயர் நோட்டில் கிழித்த தாள். ஓரத்தில் தைத்த ஓட்டை வரிசையாகத் தெரிந்தது. பால்பாயின்ட் பேனாவில், கோணல் இல்லாமல், பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார் ராஜேந்திரன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. பாய்க்குக் கண்ணில் பட்டது அந்த ஓட்டைகள்தான். நெல்லிக்குப்பத்து ஆபீசும் அத்தாவின் சிரிப்பும் கண்முன் வந்துவிட்டன.

"இதக் கொண்டு போயி நீட்டினா மூஞ்சில எறிவாங்கம்மா. வேல கேட்டுப் போற பேப்பரா இது?" சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மூன்று மணி. "அஞ்சு மணி வரைக்கும் டைம் கெடக்கு. ஒக்காரு தங்கச்சி. நான் செஞ்சு தரேன்."

சொல்லிக்கொண்டே அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் காலடியில் இருந்த கூடையில் போட்டார். விருத்தாம்பாள் "ஐயோ பாய்" என்று கையை நீட்டினாள். "பயப்படாத" என்றார். காசும் வாங்கவில்லை.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து முதல்தரமான ஃபுல்ஸ்கேப்பில் இரண்டு தாள் எடுத்தார். அடுத்த கடை அருளின் டைப்ரைட்டிங். அருள் சாப்பிடப் போயிருந்தான். மூன்றே முக்காலுக்குத்தான் வந்தான், வந்து உட்கார்ந்து மளமளவென்று அடித்தும் கொடுத்துவிட்டான். பாய் வாங்கிப் பார்த்தார். தாள் முழுக்க அடித்திருந்தான்.

"ஹாஃப் மார்ஜின் எங்கடா?"

"பாய், இது போதும் பாய். அந்தம்மாவுக்கு நேரமாவுது."

"அரைகுறையா ஒரு வேல செஞ்சு குடுக்க மாட்டேன். மறுபடி அடி."

மறுபடி அடித்தான். கார்பன் வைத்து டிஷ்யூவில் ஒரு காப்பி. குழந்தை அழுதது, விருத்தாம்பாள் கடைக்குப் பின்பக்கம் போய்ப் பாலூட்டிக்கொண்டு வந்தாள். பாய் தாளை மடித்து, தன் கையாலேயே, தன்னுடைய நல்ல எழுத்தில், டாக்கெட் எழுதினார். கவரில் வைத்துக் கொடுக்கும்போது மணி நாலரை தாண்டியிருந்தது. "இதப் பாத்தா ஆபீசரே எந்திரிச்சு நிப்பாரு, போ" என்றார்.

பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸும் விண்ணப்பம் வாங்குகிற ஆபீஸ் இருக்கும் பிளாக்குக்குப் போகாது. இறங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயிருக்கிறாள். ஐந்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விண்ணப்பங்களை மூட்டையாகக் கட்டி உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். ஐந்து மணி என்றால் ஐந்து மணி, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறு மணிக்கு அதே கவரோடு திரும்பி வந்து கடை வாசலில் நின்றாள். "மூடிட்டாங்க பாய்" என்றாள். மறுநாள் ராஜேந்திரன் வருகிறது வரட்டும் என்று வேலைக்குப் போகாமல் தானே போய் நின்று பார்த்தார். நேற்றோடு முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து நேரே பாய் கடைக்கு வந்தார். மெலிந்த ஆள், முகத்தில் வியர்வையும் புழுதியும். கோபமாக இல்லை. அதுதான் பாய்க்குத் தாங்க முடியவில்லை.

"நம்ம பேப்பருக்காக ரொம்ப மெனக்கெட்டீங்களாமே பாய். வூட்டுல சொல்லிச்சி." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது ஒங்க கடைக்கு எத்தன மணிக்கு வந்திச்சி?"

மூன்று மணி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. மூன்று மணி என்று சொன்னால், அப்புறம் ஒன்றரை மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

"யாவார நேரம்ப்பா" என்றார் கபார். "மணி பாக்கல."

ராஜேந்திரன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த நாலு வார்த்தையைப் பாய் அன்றைக்கே மறந்துவிட்டார். அவர் நெஞ்சில் கிடந்து அறுத்தது வேறு.

பத்து நாள் கழித்து அருள் சிரித்துக்கொண்டே வந்தான். அவனுடைய சித்தப்பா மகனும் அதே வேலைக்கு எழுதிப் போட்டிருந்தானாம். அவசரத்துக்குத் தாள் கிடைக்காமல் தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தானாம். வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்துவிட்டதாம். "பேப்பர எவன் பாய் பாக்கறான்" என்றான். பாய் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு சுரங்க ஆபீஸ் இருக்கும் நகரியத்துக்குப் போனார். அறிவிப்புப் பலகையில், விண்ணப்பம் கேட்டுப் போட்ட நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருந்தது. அதை அதற்கு முன்னால் அவர் படித்ததே இல்லை. எனக்குத் தெரியாத மனுவா என்ற திமிர். 'வெள்ளைத்தாளில் எழுதி' என்று இருந்தது. அவ்வளவுதான். என்ன தாள், என்ன மடிப்பு, ஒன்றும் இல்லை. மூன்று தரம் படித்தார். பாரிமுனை முதலாளி சொன்ன கோமாளிக் குல்லா ஞாபகத்துக்கு வந்தது. அது தன் தலைக்குத்தான் சரியாகப் பொருந்தும் என்று நினைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

அடுத்த வருஷம் ஜூனில் ராஜேந்திரன் ஒரு பலாப்பழத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மாமனார் வீட்டு மரத்துப் பழம்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"இருக்கட்டும் பாய். யாரு செய்வாங்க அந்த மாரி? காசுகூட வாங்கலியே நீங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார், வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். அதற்கடுத்த வருஷமும் பழம் வந்தது. அதற்கடுத்த வருஷமும். சைக்கிள் போய் டிவிஎஸ் வந்தது, ராஜேந்திரனுக்கு முட்டி தேய்ந்து இறங்கும்போது காலைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார், அவரோடு நிலம் கொடுத்தவர்கள் பர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் வாங்கிப் பிள்ளைகளை நகரியத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ராஜேந்திரன் கான்ட்ராக்டாகவே இருந்தார். பழம் மட்டும் நிற்கவில்லை. கடையில் பழத்தை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு வருஷமும் அதே பேச்சை ஒரு தடவையாவது பேசுவார். "நம்ம வூட்டுல அன்னிக்கி கொஞ்சம் வெரசா வந்திருந்தா நானும் பர்மனென்டு ஆயிருப்பேன் பாய்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். பாயும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார்.

சாஜிதாவுக்குப் பலா என்றால் உயிர். அரிவாள்மணையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பாய் ஒரு சுளை வாயில் வைத்ததில்லை. வயிற்றுக்கு ஆகாது என்பார். "கல்யாணத்தப்போ முழுப் பழம் தின்ன ஆளு. வயிறு எப்பலேர்ந்து இப்படி ஆச்சு" என்று அவள் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் தாங்க முடியாமல் விஷயத்தை அரைகுறையாகச் சொன்னார். அவள் கையிலிருந்த சுளையை உரித்துத் தட்டில் போட்டாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவர்கிட்ட போயி சொல்லுங்க" என்றாள்.

சொல்லவில்லை. நோட்டீசைப் படித்த அந்த நாளுக்குப் பிறகு எந்த மனுவையும் வாங்கிப் படிப்பதை மட்டும் விட்டுவிட்டார். என்ன பேப்பர் என்று அதட்டுவார், கொடுப்பார், உள்ளே என்ன எழுதப்போகிறாய் என்று கேட்க மாட்டார். ஊரில் எல்லோரும் பாய்க்கு வயதாகிவிட்டது என்றார்கள். அதில் என்ன வயது.

போன ஐப்பசியில் ராஜேந்திரன் போய்ச் சேர்ந்தார். நுரையீரல். பாய் துக்கம் கேட்கப் போனார். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தை விஜயராஜ் இப்போது முப்பத்தைந்து வயது ஆள், அவனும் கான்ட்ராக்டில்தான் போகிறான். அவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஒங்களப் பத்திதான் சொல்லிகினே இருப்பாருங்க" என்றான். பாய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டார். இனிமேல் யாரிடம் சொல்வது, சொல்லி என்ன ஆவது என்று தனக்குத் தானே நியாயம் பேசிக்கொண்டார். இந்த வருஷம் பழம் வராது என்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டதும் உண்டு.

போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் கடை வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. விருத்தாம்பாள் இறங்கினாள். தலை நரைத்துவிட்டது. ஆட்டோக்காரரைக் கைபிடிக்கச் சொல்லிப் பழத்தை இறக்கினாள்.

"அவரு இல்லாட்டி இன்னா பாய். அவரு குடுக்கச் சொன்னதுதான. மரம் இந்த வருசமும் காச்சிருக்கு."

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். பழத்தைப் பார்த்தார். முள் முள்ளாக, கனமாக, படியில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு வருஷம் இதை வாங்கி உள்ளே வைக்க முடியாது என்று தோன்றியது.

"விருத்தாம்பா" என்றார். "அன்னிக்கு நீ கொண்டாந்த பேப்பர நான் கிழிச்சேன்ல."

"ஆமா. எம் எதிரதான கிழிச்சீங்க."

"அதையே கொண்டு போயி குடுத்திருந்தா வாங்கியிருப்பாங்கம்மா. எந்தப் பேப்பரா இருந்தாலும் வாங்கினாங்க. காலண்டர் தாள்ல எழுதினவனுக்கெல்லாம் வேல கெடச்சிருக்கு. எனக்குப் பத்து நாள்ல தெரிஞ்சு போச்சு. சொல்லல. ஒங்க பொழப்பக் கிழிச்சவன் நான்தான். நீங்க என்னடான்னா வருசா வருசம் பழத்தத் தூக்கிட்டு வந்தீங்க."

சொல்லிவிட்டார். முப்பத்து நாலு வருஷம் தொண்டையில் கிடந்தது நாலு வரிகூட வரவில்லை. அவள் கத்துவாள், அழுவாள், பழத்தைத் தூக்கிக்கொண்டு போவாள் என்று காத்திருந்தார். எதைச் செய்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

விருத்தாம்பாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப நான் வந்தது எத்தன மணி பாய்?"

"மூணு."

"மெய்யாவா?"

"மூணு மணிம்மா. கடியாரத்தப் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஒன்ன ஒக்காரச் சொன்னேன்."

"பாத்தீங்களா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அவரு கேட்டப்ப மணி பாக்கலன்னு சொன்னீங்களாமே."

பாய்க்கு முதலில் புரியவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது.

"நானு தலபாடா அடிச்சிகினேன் பாய், மூணு மணிக்கே போயிட்டேன்னு. பாயே மணி பாக்கலன்றாரு, ஒனக்கு எப்பிடித் தெரியும், நீ கடியாரமா கட்டிகினு போனன்னு கேட்டாரு. எங்க மாமியா சாவற வரைக்கும் கடத்தெருவுல வளையல் பாத்துகினு நின்னவன்னுதான் என்னச் சொல்லும். நாத்தனாரு புள்ளைங்களுக்குக்கூட இந்தக் கத தெரியும். எம் புள்ள, இடுப்புல இருந்தவன், அவனும் சொல்றான். நீ நேரத்தோட போயிருந்தா நானும் குவார்ட்டர்ஸ்ல வளந்திருப்பேன்னு." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துட்டுது பாய். புள்ள அழுதுதே, எங்கனா உக்காந்துட்டேனா, மெய்யாலுமே வேடிக்க பாத்துகினு நின்னுட்டேனான்னு நானே ரோசன பண்ணுவேன்."

தெருவில் ஒரு பஸ் போனது. அவள் செம்பை எடுத்து மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில கெடந்தப்ப கையப் புடிச்சிகினு சொன்னாரு. 'லேட்டா போனது போனதுதான், வுடு, நான் மனசுல வெச்சிக்கல'ன்னாரு. என்ன மன்னிச்சிட்டுப் போனாரு பாய் அவரு. நானு செய்யாததுக்கு."

இத்தனை வருஷமும் கபார், தன் மனச்சாட்சியோடு தான் ஒருவர் மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தார். கிழித்த தாளுக்காக ராத்திரி பகலாக வருந்தினாரே, நாலே வார்த்தையில் ஒருத்தியின் பேரைக் கெடுத்தது ஒருநாளும் நினைவுக்கு வரவில்லையே. ராஜேந்திரன் ஒவ்வொரு ஜூனிலும் வந்து, நம்ம வூட்டுல வெரசா வந்திருந்தா என்று சிரித்தபோது கூடச் சிரித்தது எந்த வாய்? வருத்தப்படுவதில்கூட மனிதன் தனக்குப் பிடித்ததைத்தான் எடுத்துக்கொள்கிறான், என்னத்தைச் சொல்ல.

"வேல போனா போவுது" என்றாள் விருத்தாம்பாள். "எழுதிக் குடுங்க."

"என்னம்மா எழுதணும்?"

"நானு மூணு மணிக்கு வந்தேன்னு. வெறும் வாயால சொன்னா அந்த வூட்டுல எவனும் நம்ப மாட்டான். ஒங்க எழுத்துன்னா எம் புள்ள படிப்பான்."

பாயின் கை பழக்கத்தில் மேல்தட்டுக்குப் போனது. அங்கே இன்னும் ஒரு கொயர் ஃபுல்ஸ்கேப், பழுப்பேறி, விற்காமல் கிடக்கிறது.

"எதுலனா எழுதுங்க பாய்" என்றாள் அவள். "என்ன மறுபடி காக்க வெக்காதீங்க."

கையை இறக்கிக்கொண்டார். மேசைமேல் கிடந்த பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். ஓரத்தில் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. மார்ஜின் விடவில்லை. தொண்ணூறாம் வருஷம் ஜூன் மாதம் புதன்கிழமை என்று ஆரம்பித்து, வந்தது மூன்று மணி, கிழித்தது நான், தாமதம் செய்தது நான், மணி பார்க்கவில்லை என்று சொன்னது பொய் என்று எழுதினார். எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். விருத்தாம்பாள் வாங்கி, எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து அசைத்துக் கடைசி வரை படித்தாள். படித்துவிட்டுத் திரும்ப அவரிடமே கொடுத்தாள்.

"யாருக்குன்னு போடலியே."

"புள்ளைக்குத்தான?"

"புள்ள படிக்கட்டும். ஆனா அவருக்குப் போடுங்க. கேட்டது அவருதான."

கபார் தாளை வாங்கினார். பழைய கை, தானாகவே நீளவாக்கில் மடித்தது. மேலே தெரிந்த முதுகில் முதல் வரியில் தன் பேரை எழுதினார். இரண்டாவது வரியில் ராஜேந்திரன் பேரை எழுதினார். மூன்றாவது வரியில் விஷயம் எழுத வேண்டும். விருத்தாம்பாள் மூன்று மணிக்கே வந்துவிட்டாள் என்று எழுதி, மை காய்வதற்குள் அவள் கையில் கொடுத்தார்.